பாதத்தில் மூட்டுத் தேய்மானம்: வலி சொல்லும் செய்தி



ஆராதனையில் முழங்காற்படியிட்டு ஜெபித்துவிட்டு எழும்பும்போது, முன்பெஞ்சைப் பிடித்துக்கொண்டு முகம் சுளிக்கும் ஒரு தாயாரை உங்கள் சபையிலும் பார்த்திருப்பீர்கள். "முட்டி வலியா அம்மா?" என்று கேட்டால், "முட்டி நல்லாத்தான் இருக்கு தம்பி. கால் கட்டைவிரல்தான் மடங்க மாட்டேங்குது. மடக்கினா உயிர் போகுது" என்பார்கள். "டாக்டரிடம் காட்டினீர்களா?" என்றால், "வயசாகிடுச்சு, எலும்பு தேஞ்சுபோச்சு. இதுக்கு டாக்டர் என்ன செய்வார்?" என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு நொண்டியபடியே வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

"வயசாகிடுச்சு, தேஞ்சுபோச்சு" என்ற இந்தப் பேச்சு பலருடைய நடையை முடக்கியிருக்கிறது. ஏனெனில் அது பாதி உண்மை. முழு உண்மையும் தெரிந்தால், அந்தத் தாயார் இன்னும் பல ஆண்டுகள் வலி குறைந்து நடமாட வழி உண்டு. அதே சமயம், "தேய்மானம்தானே" என்று எண்ணி வீட்டிலேயே இருந்துவிட்டால், சில வாரங்களுக்குள் பாதத்தின் உருவத்தையே குலைத்துவிடும் வேறொரு நோயும் இருக்கிறது. இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிந்துகொள்ள உதவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம்மைச் சுமக்கும் பாதம்

நமது சரீரத்தில் 206 எலும்புகள் உள்ளன. அவற்றில் 52 எலும்புகள், அதாவது ஏறக்குறைய கால் பங்கு, இரண்டு பாதங்களில் மட்டுமே இருக்கின்றன. ஒவ்வொரு பாதத்திலும் 26 எலும்புகளும் 33 மூட்டுகளும் உண்டு. கல்லிலும் மேட்டிலும் வரப்பிலும் சாயாமல் நடக்க முடிவது இத்தனை சிறு மூட்டுகள் சேர்ந்து வேலை செய்வதனால்தான்.

இந்த மூட்டுகள் தாங்கும் பாரம் சாதாரணமானது அல்ல. நாம் சமதரையில் நடக்கும்போதே கணுக்கால் மூட்டின் மேல் உடல் எடையைப் போல் சுமார் 5 மடங்கு அழுத்தம் ஏற்படுகிறது. 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு அது ஏறத்தாழ 300 கிலோ. ஒரு நாளில் 6,000 அடி நடந்தால், ஒவ்வொரு காலும் 3,000 முறை இந்தச் சுமையைத் தூக்கி இறக்குகிறது. நாற்று நடுகிறவர், தலையில் செங்கல் சுமக்கும் சித்தாள், நாள் முழுவதும் வகுப்பில் நிற்கும் ஆசிரியை ஆகியோரின் பாதங்கள் எவ்வளவு உழைக்கின்றன என்பதை எண்ணிப் பாருங்கள்.

தேய்மானம் என்றால் என்ன?

மூட்டில் சந்திக்கும் இரண்டு எலும்புகளின் முனைகளையும் வழுவழுப்பான குருத்தெலும்பு மூடியிருக்கிறது. அதன் எடையில் பெரும்பகுதி தண்ணீரே. தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும் புரதப் பொருள்களும், அவற்றை வலைபோல் கட்டி வைத்திருக்கும் நுண்ணிய இழைகளும் அதில் உண்டு. குருத்தெலும்புக்குள் இரத்தக் குழாய் கிடையாது. அப்படியானால் அதற்கு ஆகாரம் எங்கிருந்து வருகிறது? மூட்டுக்குள் இருக்கும் நீரிலிருந்துதான். காலை ஊன்றும்போது குருத்தெலும்பு அழுந்திப் பழைய நீரை வெளியே தள்ளுகிறது. காலைத் தூக்கும்போது ஸ்பாஞ்சைப்போல் புதிய நீரை உறிஞ்சிக்கொள்கிறது. ஆகவே நடப்பதுதான் மூட்டுக்கு உணவூட்டுகிறது. "நடந்தால் மூட்டு தேய்ந்துவிடும்" என்று பயந்து கட்டிலிலேயே கிடப்பவர்கள் இதை நினைவில் வைக்கவேண்டும்.

குருத்தெலும்புக்குள் நரம்பும் கிடையாது. அது கெட்டுப்போக ஆரம்பிக்கும்போது நமக்கு ஒன்றும் தெரிவதில்லை. அதன் அடியிலுள்ள எலும்பும், மூட்டைச் சுற்றியுள்ள உறையும், அதன் உட்சவ்வும் பாதிக்கப்படும்போதுதான் வலி தெரிகிறது. முதல் நாள் வலி வரும்போது, உள்ளே வேலை ஏற்கெனவே தொடங்கியிருக்கும்.

முன்பெல்லாம் இந்நோயை வண்டிச் சக்கரம் தேய்வதுபோல் வெறும் தேய்மானம் என்றே மருத்துவர்களும் எண்ணினார்கள். இன்று அப்படி எண்ணுவதில்லை. குருத்தெலும்பு தினந்தோறும் சிறிது சிதைகிறது, சிறிது புதுப்பிக்கப்படுகிறது. ஏதோ ஒரு காரணத்தால் சிதைவு வேகமாகி, புதுப்பிக்கும் வேலை பின்தங்கிப்போவதுதான் இந்நோய். எலும்பு, உறை, நார், தசை என்று மூட்டு முழுவதும் அதில் பங்கு கொள்கிறது. சக்கரம் தேய்ந்தால் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் சிதைவை வேகப்படுத்தும் காரணங்களைக் குறைத்தால், நோயின் வேகத்தையும் வலியையும் குறைக்க முடியும்.

எந்த மூட்டுகளில் வருகிறது?

முழங்கால் தேய்மானத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். பாதத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆனால் இங்கிலாந்தில் 50 வயதைக் கடந்தவர்களிடம் நடத்திய ஓர் ஆய்வில், ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவருக்கு வலியோடுகூடிய பாத மூட்டுத் தேய்மானம் இருப்பது தெரியவந்தது. பெண்களிடமும், உடல் உழைப்பால் பிழைப்பவர்களிடமும் அது அதிகமாகக் காணப்பட்டது.

அதிகமாகப் பாதிக்கப்படுவது கட்டைவிரலின் அடி மூட்டு. நடக்கும்போது ஒவ்வொரு அடியின் கடைசியிலும் பூமியை உந்தித் தள்ளுவது இந்த மூட்டுதான். அப்போது கட்டைவிரல் மேல்நோக்கி நன்றாக வளைய வேண்டும். முழங்காற்படியிட்டு விரல்களை ஊன்றி எழும்பும்போது அது இன்னும் அதிகமாக வளைய வேண்டும். நம்முடைய தாயாருக்கு முட்டி நன்றாயிருந்தும் ஜெபம் முடிந்து எழும்ப முடியாமற்போனதன் இரகசியம் இதுவே.

இரண்டாவது இடம் பாதத்தின் நடுப்பகுதி, அதாவது புறங்காலின் மேட்டுக்கு அடியிலுள்ள சிறு மூட்டுகள். இங்கே தேய்மானம் வந்தால் புறங்காலில் கடினமான ஒரு புடைப்பு தோன்றும். செருப்பின் வார் அதில் உராயும்போது வலி எடுக்கும். மாடிப்படி ஏறும்போதும், கரடுமுரடான தரையில் நடக்கும்போதும் வலி கூடும்.

மூன்றாவது கணுக்கால் மூட்டு. இது விசேஷமானது. இதைப்பற்றிச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

காரணங்கள்

முதலாவது, பழைய காயம். கணுக்கால் மூட்டின் குருத்தெலும்பு மெல்லியது. சுமார் 1 முதல் 2 மில்லிமீட்டர்தான் இருக்கும். ஆனாலும் அந்த மூட்டு அச்சில் வார்த்ததுபோல் கச்சிதமாகப் பொருந்தியிருப்பதால், வயதான காரணத்தினால் மட்டும் அது எளிதில் தேய்வதில்லை. கணுக்கால் தேய்மானம் வந்தவர்களை விசாரித்தால், நூற்றுக்கு 70 பேருக்கு மேல் எப்போதோ ஒரு காலத்தில் அங்கே எலும்பு முறிந்திருக்கும், அல்லது பலமான சுளுக்கு ஏற்பட்டிருக்கும். முறிந்த எலும்பு கொஞ்சம் விலகிச் சேர்ந்திருந்தால் என்ன ஆகும்? கணுக்காலின் எலும்பு வெளிப்பக்கமாக வெறும் 1 மில்லிமீட்டர் விலகினாலும், எலும்புகள் ஒன்றையொன்று தொடும் பரப்பு 42 சதவீதம் குறைந்துவிடும் என்று 1976இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அதே பாரம் ஏறக்குறைய பாதி இடத்தில் விழுந்தால் அந்த இடம் எத்தனை நாள் தாங்கும்?

இந்தப் பாதிப்பு உடனே தெரிவதில்லை. காயம் பட்ட நாளிலிருந்து மூட்டு முற்றிலும் கெடுவதற்குச் சராசரியாக 20 ஆண்டுகள் ஆகின்றன. இருபத்தைந்து வயதில் கிணற்றுமேட்டில் சறுக்கி விழுந்து, எண்ணெய் தடவிக் கட்டுப் போட்டு, மூன்றாம் வாரமே வேலைக்குப் போன ஒருவர் நாற்பத்தைந்து வயதில் நொண்டுகிறார். அந்தப் பழைய விபத்தை அவரே மறந்திருப்பார். அவருடைய கணுக்கால் மறக்கவில்லை. ஆகவே அன்பானவர்களே, இளம் வயதில் வரும் கணுக்கால் முறிவையும், வீங்கிக் கறுத்துப்போகும் சுளுக்கையும் அலட்சியம் செய்யாதீர்கள். ஓர் எக்ஸ்ரே எடுத்து, எலும்பு நேராக இருக்கிறதா என்று பார்த்துவிடுவது இருபது வருடத் துன்பத்தைத் தடுக்கக்கூடும்.

இரண்டாவது, அதிக உடல் எடை. எடை கூடினால் பாதத்தில் அழுத்தம் கூடும் என்பது சொல்லாமலே விளங்கும். அது மட்டுமல்ல, உடலில் சேரும் அதிகக் கொழுப்பு, மூட்டில் அழற்சியை உண்டாக்கும் சில பொருள்களை இரத்தத்தில் சுரக்கிறது. பாரம் சுமக்காத கைவிரல் மூட்டுகளிலும் பருமனானவர்களுக்குத் தேய்மானம் அதிகமாக வருவது இதற்குச் சாட்சி.

மூன்றாவது, பாதத்தின் அமைப்பு. தட்டையான பாதம், உட்பக்கமாகச் சாயும் பாதம், வெளிப்பக்கமாகச் சாய்ந்துபோன கட்டைவிரல் ஆகியவை பாரத்தைத் தவறான இடத்தில் விழச் செய்கின்றன. குடும்பத்தில் பலருக்கு இந்நோய் இருந்தால் பிள்ளைகளுக்கும் வர வாய்ப்பு அதிகம்.

நான்காவது, வேலையும் பாதரட்சையும். வருடக்கணக்காகப் பாரம் சுமப்பதும், வெகுநேரம் நிற்பதும், குந்தியிருந்து வேலை செய்வதும் மூட்டுகளுக்குச் சோதனை. "அடிமேல் அடி விழுந்தால் அம்மியும் நகரும்" அல்லவா? தேய்ந்து மெலிந்துபோன ரப்பர் செருப்பும், முன்பக்கம் குறுகலான ஷூவும், உயர்ந்த குதியும் அச்சோதனையை அதிகரிக்கின்றன.

கடைசியாகத்தான் வயது. வயது ஏற ஏற, குருத்தெலும்பின் செல்கள் தங்களைப் புதுப்பித்துக்கொள்ளும் சக்தி குறைகிறது. ஆனால் எழுபது வயதிலும் வலியில்லாமல் வயலுக்கு நடந்து போகிறவர்கள் நம் நடுவில் இருக்கிறார்களே! வயது கதவைத் திறக்கிறது. உள்ளே நுழைவது மற்றக் காரணங்கள்.

நோய் படிப்படியாக வளரும் விதம்

கட்டைவிரல் மூட்டை எடுத்துக்கொள்வோம். முதல் படியில் குருத்தெலும்பின் மேற்பரப்பு மிருதுவாகி, நார் நாராகப் பிரிகிறது. அதிக தூரம் நடந்த நாள்களில் மட்டும் விரலின் அடியில் வலி தோன்றும். இரவு ஓய்ந்தால் போய்விடும். காலையில் எழுந்ததும் மூட்டு சிறிது இறுகியிருக்கும். பொதுவாக அரை மணி நேரத்திற்குள் சரியாகிவிடும். எக்ஸ்ரேயில் அதிகமாக ஒன்றும் தெரியாது.

இரண்டாம் படியில் குருத்தெலும்பு மெலிந்து, எலும்புகளுக்கிடையே உள்ள இடைவெளி குறைகிறது. அடியிலுள்ள எலும்பு கெட்டிப்படுகிறது. பாரத்தைப் பகிர்ந்துகொள்ளச் சரீரம் மூட்டின் ஓரங்களில் புதிய எலும்பை வளர்க்கிறது. விரலின் மேற்புறத்தில் முண்டுபோல் தெரிவது இதுதான். விரல் மேல்நோக்கி வளையும்போது இந்த முண்டு தடுக்கிறது. குந்துவதும், நுனிக்காலில் நின்று பரணில் இருக்கும் பாத்திரத்தை எடுப்பதும் சிரமமாகின்றன.

மூன்றாம் படியில் நடையே மாறிவிடுகிறது. வலிக்கிற விரலைக் காப்பாற்ற, பாதத்தின் வெளிவிளிம்பில் பாரத்தைப் போட்டு நடக்கிறோம். நாளடைவில் வெளிவிளிம்பும், முழங்காலும், இடுப்பும் வலிக்க ஆரம்பிக்கின்றன. "ஒரு விரலில் ஆரம்பித்தது, இன்று உடம்பெல்லாம் வலி" என்று வருகிறவர்கள் மிகைப்படுத்திச் சொல்வதில்லை.

நான்காம் படியில் குருத்தெலும்பு ஏறக்குறைய முழுவதும் போய், எலும்போடு எலும்பு உராய்கிறது. ஓய்விலும் இரவிலும் வலி வரலாம். சிலருக்கு மூட்டு முற்றிலும் இறுகிப்போனபின் வலி குறைந்துவிடுவதும் உண்டு.

ஆயினும் பயப்படவேண்டாம். எல்லோரும் இந்தப் படிகள் அனைத்தையும் கடப்பதில்லை. பலருக்கு நோய் ஏதாவது ஒரு படியில் ஆண்டுக்கணக்காக நின்றுவிடும். எக்ஸ்ரேயில் பெரிய மாற்றம் தெரிந்தும் வலியில்லாதவர்கள் உண்டு. சிறிய மாற்றத்திற்கே அதிகம் வேதனைப்படுகிறவர்களும் உண்டு. ஆகவே எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு "என் காலம் முடிந்தது" என்று மனம் தளரக்கூடாது.

எல்லாப் பாத வலியும் தேய்மானம் அல்ல

கட்டைவிரல் மூட்டு ஓர் இரவுக்குள் சிவந்து வீங்கி, போர்வை பட்டாலே துடிக்கிறது என்றால், அது யூரிக் அமிலத்தினால் வரும் கவுட் நோயாக இருக்கலாம். இரண்டு பாதங்களிலும் கைகளிலும் சிறு மூட்டுகள் ஒன்றாக வீங்கி, காலை இறுக்கம் ஒரு மணி நேரத்திற்கும் மேல் நீடித்தால், அது முடக்குவாதமாக இருக்கலாம். இவற்றுக்குத் தனியான மருந்துகள் உண்டு, தாமதிக்கக்கூடாது.

ஆனால் இவை எல்லாவற்றையும்விட நம் நாட்டில் இன்று அதிகம் எச்சரிக்கையாக இருக்கவேண்டிய ஒன்று உண்டு. அது வலி இல்லாமல் அல்லது மிகக் குறைந்த வலியோடு வரும் மூட்டுச் சிதைவு. சார்க்கோ பாதம் என்பது அதன் பெயர். பிரெஞ்சு மருத்துவர் சார்க்கோ 1868இல் இவ்வகை மூட்டுச் சிதைவை விவரித்தார். இன்று இதற்கு முக்கியக் காரணம் சர்க்கரை வியாதி. நம் தேசத்தில் 10 கோடிக்கும் அதிகமானோர்க்குச் சர்க்கரை வியாதி இருப்பதாக 2023இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு கணக்கிட்டிருக்கிறது. பல ஆண்டுகள் சர்க்கரை கட்டுப்படாமல் இருந்தால் பாதத்தின் நரம்புகள் மரத்துப்போகின்றன. அப்படிப்பட்ட பாதத்தில் ஒரு சிறு எலும்பு விரிசல் விட்டாலும் அந்த மனிதருக்குத் தெரியாது. அவர் அதன்மேலேயே நடக்கிறார். விரிசல் முறிவாகிறது, முறிவு சிதைவாகிறது. சில வாரங்களுக்குள் பாதத்தின் வளைவு இடிந்து, அடிப்பாகம் படகின் அடிபோல் உருண்டுவிடுகிறது. அந்த மேட்டில் புண் வந்து, சீழ் பிடித்து, கடைசியில் காலை எடுக்கவேண்டிய நிலையும் வரலாம்.

இதன் அறிகுறி என்ன? சர்க்கரை வியாதி உள்ளவருக்கு ஒரு பாதம் மட்டும் வீங்கி, சிவந்து, மற்றப் பாதத்தைவிடச் சூடாக இருக்கும். வலியோ வீக்கத்திற்கு ஏற்ற அளவில் இருக்காது. ஆரம்பத்தில் எக்ஸ்ரேயும் சரியாகவே தோன்றலாம். "சுளுக்காக இருக்கும்", "வாதமாக இருக்கும்" என்று நினைத்து வெந்நீர் ஒத்தடம் கொடுப்பவர்கள் உண்டு. மரத்துப்போன காலில் அதனால் தோல் வெந்து புண்ணாவதும் உண்டு. செய்ய வேண்டியது ஒன்றே: அந்தக் காலை ஊன்றாமல் அன்றைக்கே மருத்துவரிடம் செல்வது. முழங்காலுக்குக் கீழ் பாதம் முழுவதையும் ஒட்டிப் பிடிக்கும் விசேஷ மாவுக்கட்டைப் போட்டு, பல வாரங்கள், சிலருக்குப் பல மாதங்கள், காத்திருந்தால் பாதத்தின் உருவத்தைப் பெரும்பாலும் காப்பாற்றலாம்.

வேலூரில் கற்ற பாடம்

வலியில்லாத பாதத்தைப் பற்றி உலகம் கற்றுக்கொண்ட பாடத்தில் பெரும் பங்கு நம் தமிழ்நாட்டில் கற்றது. டாக்டர் பால் பிராண்ட் 1914இல் கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தார். இலண்டனில் மருத்துவம் படித்து, 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளிகளின் கைகால்கள் அழுகி விழுகின்றன என்று அந்நாளில் எல்லோரும் நம்பினார்கள். அவரும் அவரோடு உழைத்தவர்களும் நோயாளிகளை நாள்தோறும் கூர்ந்து கவனித்தபோது, உண்மை வேறு என்று கண்டார்கள். தொழுநோய் நரம்புகளைத் தாக்கி உணர்ச்சியைப் போக்கிவிடுகிறது; உணர்ச்சி போனதால், காயம் பட்டதும் தெரியாமல் நோயாளியே தன் கையையும் காலையும் நாளுக்கு நாள் சேதப்படுத்திக்கொள்கிறார் என்பதே அது. வலி இல்லாததுதான் அவர்களுடைய பெரிய ஆபத்தாக இருந்தது.

1966இல் அவர் அமெரிக்காவில் கார்வில் என்ற இடத்திலிருந்த தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார். அங்கே அவரும் அவருடைய குழுவினரும் வலிக்குப் பதிலாக ஒரு கருவியை உண்டாக்க முயன்றார்கள். கையுறையிலும் காலுறையிலும் அழுத்தத்தை அளக்கும் கருவிகளைப் பொருத்தி, ஆபத்து வந்தால் எச்சரிக்கும்படி செய்தார்கள். முயற்சி வெற்றி பெறவில்லை. எச்சரிக்கை வந்தாலும், செய்துகொண்டிருந்த வேலையை முடிக்கவேண்டும் என்று தோன்றினால் நோயாளிகள் கருவியை அணைத்துவிட்டார்கள்! நிஜமான வலியை அப்படி அணைக்க முடியாது. அதனால்தான் அது நம்மைக் காக்கிறது என்பதை அவர் கண்டுகொண்டார். 1993இல் பிலிப் யான்சியோடு சேர்ந்து அவர் எழுதி வெளியிட்ட நூலில், வலியை யாரும் விரும்பாத ஒரு பரிசு என்றே அழைத்தார். 2003இல் அவர் காலமானார். தொழுநோயாளிகளின் மரத்துப்போன பாதங்களுக்கென்று பயன்படுத்தப்பட்ட மிருதுவான எம்.சி.ஆர். ரப்பர் செருப்புகள் இன்று சர்க்கரை நோயாளிகளின் பாதங்களையும் காத்து வருகின்றன.

தேய்மானம் உள்ளவருக்கும் இந்தப் பாடம் பொருந்தும். வலி எதிரி அல்ல, அது காவற்காரன். "இந்தச் செருப்பு ஆகாது, இந்தச் சுமை அதிகம், இன்றைக்கு இவ்வளவு போதும்" என்று அது நமக்குச் சொல்கிறது. காவற்காரனின் வாயை ஊசியாலும் மாத்திரையாலும் அடைத்துவிட்டு அதே வேலையை அப்படியே செய்துகொண்டிருந்தால், திருடன் உள்ளே தன் வேலையைத் தொடர்வான்.

என்ன செய்யலாம்?

தேய்ந்த குருத்தெலும்பை மீண்டும் வளரச் செய்யும் மருந்து இன்றுவரை கிடையாது. அப்படி வாக்குக் கொடுப்பவர்களிடம் பணத்தை இழக்காதீர்கள். நம் இரத்தத்தையே எடுத்துப் பிரித்து மூட்டில் போடும் ஊசியைப் பற்றி அதிகம் விளம்பரம் செய்கிறார்கள். நெதர்லாந்தில் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், கணுக்கால் தேய்மானத்திற்கு அந்த ஊசி வெறும் உப்புநீர் ஊசியைவிட அதிகப் பயன் தரவில்லை என்று தெரிந்தது.

ஆனால் எளிய வழிகள் உண்டு.

பாதரட்சையை மாற்றுங்கள். கட்டைவிரல் தேய்மானத்திற்கு, மடங்காத கெட்டியான அடியும் முன்பக்கம் சற்று மேல்நோக்கி வளைந்த அமைப்பும் உள்ள பாதரட்சை நல்லது. விரல் வளையவேண்டிய வேலையைச் செருப்பே செய்துவிடுகிறது. ஆஸ்திரேலியாவில் 2016இல் வெளியான ஆய்வில், இவ்வகைப் பாதரட்சையும், செருப்புக்குள் வைக்கும் தாங்கிகளும் ஏறக்குறைய சமமாக வலியைக் குறைத்தன. விரல்களுக்குத் தாராளமான இடம் இருக்கட்டும். புறங்காலில் புடைப்பு இருந்தால், வார் அதன்மேல் படாதபடி மாற்றித் தைக்கச் சொல்லுங்கள்.

எடை அதிகமானால் குறையுங்கள். சில கிலோ குறைந்தாலும் ஒவ்வோர் அடியிலும் அதன் பலன் பல மடங்காகப் பாதத்திற்குக் கிடைக்கும்.

நடப்பதை நிறுத்தாதீர்கள், பிரித்து நடங்கள். ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் நடப்பதற்குப் பதிலாக, இடையிடையே உட்கார்ந்து ஓய்வெடுத்து நடக்கலாம். கெண்டைக்கால் தசையையும் பாதத்தின் தசைகளையும் பலப்படுத்தும் பயிற்சிகளைப் பிசியோதெரபி பிரிவில் கற்றுக்கொள்ளுங்கள். வலிக்கிற காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் ஒரு கைத்தடி பிடிப்பதில் வெட்கம் ஒன்றுமில்லை.

மாத்திரையில் ஜாக்கிரதை. வலி கூடும் நாள்களில் பாதத்தின் மேல் பூசும் களிம்பு உதவும். வலி மாத்திரைகளை மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன நாள்வரை மட்டும் சாப்பிடுங்கள். மாதக்கணக்காகத் தாமே வாங்கிச் சாப்பிடுவது வயிற்றில் புண்ணையும் சிறுநீரகக் கேட்டையும் உண்டாக்கலாம். பெயர் எழுதாத பொட்டலத்தில் கொடுக்கப்படும் "உடனடி நிவாரண" மருந்துகளை வாங்கவே வேண்டாம். அவற்றில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் வலி மாயமாக மறையும். பின்னால் சர்க்கரை ஏறி, எலும்பு மெலிந்து, உடல் முழுவதும் கெடும்.

இவை பலனளிக்காவிட்டால் அறுவைச் சிகிச்சை உண்டு. ஆரம்ப நிலையில் கட்டைவிரலின் மேல் வளர்ந்த முண்டைச் செதுக்கி எடுத்தால் விரல் மறுபடியும் வளைய இடம் கிடைக்கும். முற்றிய நிலையில் மூட்டை ஒரே எலும்பாக இணைத்துவிடுவார்கள். விரல் வளையாது, ஆனால் வலி பெரும்பாலும் போய், நன்றாக நடக்கலாம். கணுக்காலிலும் இவ்விதம் இணைப்பதோ, செயற்கை மூட்டு பொருத்துவதோ நடைபெறுகிறது.

சபையாருக்கு ஒரு வார்த்தை

மருத்துவ உதவிக்காகக் காணிக்கை கொடுக்கும்போது, பெரிய அறுவைச் சிகிச்சைகளும் விலையுயர்ந்த கருவிகளுமே நம் மனக்கண்முன் வருகின்றன. அவையும் தேவைதான். ஆனால் அளவெடுத்துத் தைத்த ஒரு ஜோடி செருப்பு, சரியான நேரத்தில் போட்ட ஒரு மாவுக்கட்டு, முறிந்த நாளிலேயே எடுத்த ஓர் எக்ஸ்ரே ஆகிய சிறிய காரியங்கள் ஓர் ஏழைத் தொழிலாளியின் பிழைப்பையே காப்பாற்றுகின்றன. கால் நின்றுபோனால் கூலியும் நின்றுபோகிற வீடுகள் நம்மைச் சுற்றிலும் அநேகம்.

பணம் கொடுக்க முடியாதவர்களும் ஒன்று செய்யலாம். உங்கள் வீட்டிலோ சபையிலோ சர்க்கரை வியாதி உள்ள பெரியவர்கள் இருந்தால், வாரம் ஒருமுறையாவது அவர்களுடைய இரண்டு பாதங்களையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று வீங்கியிருக்கிறதா? ஒன்று மட்டும் சூடாயிருக்கிறதா? உள்ளங்காலில் புண் உண்டா? அப்படி ஏதாவது இருந்தால், "நாளைக்குப் பார்ப்போம்" என்று விட்டுவிடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

அடுத்த ஞாயிறு, பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழும்பும் அந்தத் தாயாரைப் பார்த்தால், "வயசானா அப்படித்தான்" என்று ஆறுதல் சொல்லி அனுப்பிவிடாதீர்கள். "அம்மா, எத்தனை நாளாக வலிக்கிறது? முன்னால் எப்போதாவது அடிபட்டதா? சர்க்கரை உண்டா? உங்கள் செருப்பைக் காட்டுங்கள் பார்ப்போம்" என்று கேளுங்கள். நீங்கள் கேட்கும் அந்த நான்கு கேள்விகள் அவர்களை மருத்துவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும்.